முதல் வாரத்திலேயே வயரை இணைத்துவிடுங்கள்

நான் கொங்குப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில், இசிஇ (எலக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன்) துறையின் புராஜெக்ட் லேப்பில் டெக்னீஷியனாக இருக்கிறேன். மல்டிமீட்டர், வயரை ஈயத்தால் ஒட்டுகிற சால்டரிங் அயர்ன், பவர் சப்ளை எல்லாம் என் பொறுப்பு. மாணவர்களுக்கு நான் "லேப் அண்ணா". கைடு சார்களும் மேடம்களும் ரிவ்யூ அன்று காலையில் மேசைமேல் வைத்த மாடலைப் பார்ப்பார்கள். அதற்கு முந்தின நாள் சாயங்காலம் அந்த மேசையைச் சுற்றி என்ன நடந்தது என்பது எனக்குத்தான் தெரியும். இறுதியாண்டுப் பிள்ளைகள் இப்போது மூன்று பேர், நான்கு பேர் என்று சேர்ந்து பேட்ச் பெயர் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். சொல்ல நினைப்பதை இந்த நேரத்தில் எழுதினால்தான் உபயோகம். மார்ச் மாதம் எழுதினால் யாருக்கும் படிக்க நேரம் இருக்காது.

புராஜெக்ட் சொதப்பிவிட்டது என்று வந்து நிற்கிற பேட்சிடம் காரணம் கேட்டால், பெரும்பாலும் ஒரு ஆளைக் கை காட்டுவார்கள். "அவன் ஒண்ணுமே பண்ணலைங்ணா." சில பேட்சில் அது உண்மைதான். அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். ஆனால் நான் பார்த்த வரைக்கும், நாலு பேரும் ஒழுங்காக வேலை செய்தும் கெட்டுப்போன புராஜெக்ட்டுகள்தான் அதிகம். அவரவர் பங்கை அவரவர் முடித்துவிடுகிறார்கள். எல்லாவற்றையும் சேர்க்கிற வேலையைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிவிடுகிறார்கள். அங்கேதான் எல்லாம் உடைகிறது.

ஒரு பேட்சை மட்டும் விவரமாகச் சொல்கிறேன். தலைப்பு, மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் மட்டத்தைப் பார்த்து மோட்டாரைத் தானாகப் போட்டு நிறுத்துவது. போனிலும் மட்டம் தெரிய வேண்டும். தொட்டி நிரம்பி வழிவதையும், மோட்டாரை நிறுத்த அம்மா மாடிக்கும் கீழுக்கும் ஓடுவதையும் பார்த்து வளர்ந்த பிள்ளைகள், ஆசையோடுதான் எடுத்தார்கள். ஒரு பையன் சென்சார். இன்னொரு பையன் மோட்டாரும், போர்டு சொல்கிறபடி அதைப் போட்டு நிறுத்துகிற சுவிட்சான ரிலேயும். ஒரு பெண் வைஃபை போர்டு, அதற்கான புரோகிராம், போனில் தெரிகிற பக்கம். இன்னொரு பெண் ரிப்போர்ட்டும் பிபிடியும். ஜனவரியில் இப்படிப் பிரித்துக்கொண்டார்கள். நால்வரும் உழைத்தார்கள், அதை நான் அடித்துச் சொல்வேன். முதன்முறையாக ஒன்றாகச் சேர்த்தது ரிவ்யூவுக்கு முந்தின நாள் மதியம்.

சென்சார் பையன் எடுத்தது ஹெச்சி-எஸ்ஆர்04. ஒலி அலையை அனுப்பி, அது பட்டுத் திரும்பி வருகிற நேரத்தை வைத்துத் தூரத்தைக் கண்டுபிடிப்பது. 2 சென்டிமீட்டரிலிருந்து 400 சென்டிமீட்டர் வரை அளக்கும். அவன் அதை ஆர்டுயினோ ஊனோ என்கிற புரோகிராம் போர்டில் போட்டுச் சோதித்தான், அருமையாக வந்தது. சென்சாரும் 5 வோல்ட், ஊனோவும் 5 வோல்ட், பிரச்சினையே இல்லை. ஆனால் பெட்டிக்குள் கடைசியாகப் போகப்போவது வைஃபை உள்ள நோட்எம்சியூ போர்டு. அதில் இருக்கும் ஈஎஸ்பி8266 சிப்பின் பின்கள் (வயர் இணைக்கிற கால்கள்) 3.3 வோல்ட்டுக்கானவை. சென்சார் பதில் அனுப்புகிற எக்கோ பின்னிலிருந்து வருகிற 5 வோல்ட்டை அதில் நேராகக் கொடுக்கக் கூடாது. நடுவில் 1 கிலோ ஓம், 2 கிலோ ஓம் என்று இரண்டு ரெசிஸ்டர் போட்டுப் பிரித்தால் 3.33 வோல்ட் ஆகிவிடும். சில்லறைக் காசு சமாச்சாரம். பவர் போடுவதற்கு முன்னால் நான் வயரிங்கைப் பார்த்துவிட்டதால் போர்டு தப்பித்தது.

யார் செய்த தவறு இது? சென்சார் பையன் தன் பக்கத்தைச் சோதித்துவிட்டான். போர்டு வைத்திருந்த பெண்ணும் தன் பக்கத்தைச் சோதித்துவிட்டாள். இரண்டுக்கும் நடுவில் போகிற அந்த ஒற்றை வயர் யாருடைய பொறுப்பு என்றுதான் எங்கேயும் எழுதவில்லை.

அடுத்தது இன்னும் சிக்கல். சென்சாரைத் தொட்டியின் மூடியில் கீழே பார்த்தபடி பொருத்துவார்கள். அது அளப்பது மூடிக்கும் தண்ணீருக்கும் நடுவே உள்ள காலி இடத்தை. தண்ணீர் ஏற ஏற எண் குறையும். அந்தப் பெண்ணோ, சென்சாரிலிருந்து வருகிற எண்தான் தண்ணீரின் உயரம் என்று நினைத்துப் புரோகிராம் எழுதியிருந்தாள். 100 சென்டிமீட்டர் உயர டிரம்மில் 90 வரை தண்ணீர் ஊற்றினால் போனில் 10 என்று காட்டியது. 20-க்குக் கீழே போனால் மோட்டாரைப் போடு, 80-க்கு மேலே போனால் நிறுத்து என்பது அவள் எழுதியிருந்த கட்டளை. அப்படிப் பார்த்தால் நிறைந்த டிரம்முக்கு மோட்டார் ஓட வேண்டும்.

ஆனால் ஓடவில்லை! நிறைந்திருக்கும்போது மோட்டார் நின்றது, காலியானதும் ஓடியது. போனில் மட்டும் எல்லாம் தலைகீழ். நால்வருக்கும் ஒன்றும் புரியவில்லை. "மோட்டார் கரெக்ட்டாத்தானுங்ணா ஓடுது, போன்லதான் தப்பா காட்டுது" என்றாள் அவள். சரி என்று தன் புரோகிராமில் 100-லிருந்து அந்த எண்ணைக் கழித்துத் தண்ணீர் உயரத்தைச் சரிசெய்தாள். போனில் சரியாக வந்தது. இப்போது மோட்டார் தலைகீழாகிவிட்டது. டிரம் நிரம்பி வழிய வழிய ஓடுகிறது.

ரிலே பையனுக்குக் கோபம் வந்துவிட்டது. "நீ தொடற வரைக்கும் நல்லாத்தான் ஓடிட்டு இருந்துச்சு" என்றான். அவள் கண் கலங்கிவிட்டது. உண்மை என்னவென்றால், கடைகளில் கிடைக்கும் ரிலே மாட்யூல்கள் பலவற்றில் பின்னுக்கு லோ (0 வோல்ட்) கொடுத்தால்தான் ரிலே ஆன் ஆகும், ஹை (வோல்ட் உள்ள நிலை) கொடுத்தால் ஆஃப். அவன் வாங்கியதும் அந்த வகை. அது அவனுக்குத் தெரியும், வயரைத் தொட்டுப் பார்த்துச் சோதித்தவன்தான். அதை அவளிடம் சொல்ல வேண்டும் என்று மட்டும் அவனுக்குத் தோன்றவில்லை. அவள் ஹை என்றால் ஆன் என்று எழுதியிருந்தாள். முதலில் இரண்டு தலைகீழும் சேர்ந்து ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மோட்டாரைச் சரியாக ஓட வைத்தன. ஒன்றைத் திருத்தியதும் இன்னொன்று வெளியே வந்தது. அவளிடமும் தவறில்லை, அவனிடமும் தவறில்லை. ஆனால் நல்ல நண்பர்களாக இருந்த இருவர் அன்று சாயங்காலம் முகம் பார்த்துப் பேசவில்லை.

இதே மூன்று சிக்கலையும் அவர்கள் ஜனவரி முதல் வாரத்தில் சந்தித்திருந்தால் அரை மணி நேர வேலை. சிரித்துக்கொண்டே சரிசெய்திருப்பார்கள்.

அதனால்தான் எந்த பேட்ச் வந்தாலும் நான் இதைச் சொல்கிறேன்: முதல் வாரத்திலேயே எல்லாவற்றையும் சேர்த்துவிடுங்கள். தொட்டி வேண்டாம், பெட்டி வேண்டாம், அழகான ஆப் வேண்டாம். சென்சாரை, ஒட்டாமல் செருகிப் பார்க்கிற பிரெட்போர்டில் குத்தி மேசையைப் பார்த்து வையுங்கள். மோட்டாருக்குப் பதில் ரிலேயில் ஒரு எல்ஈடி. போனுக்குப் பதில் கம்ப்யூட்டர் திரையில் ஒரு எண். கையை மேலே கீழே ஆட்டினால் எண் மாற வேண்டும், எல்ஈடி எரிந்து அணைய வேண்டும். பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும். ஆனால் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை முழுசாக ஓடுகிறது. அதற்கப்புறம் அவரவர் தங்கள் பகுதியை எடுத்துக்கொண்டு போய் மெருகேற்றுங்கள். ஆனால் வாராவாரம் ஒரு நாள் கொண்டுவந்து திரும்பவும் அதே மேசையில் செருகிப் பார்க்க வேண்டும். போன வாரம் ஓடியது இந்த வாரம் ஓடவில்லை என்றால், இந்த ஒரு வாரத்தில் மாற்றியதை மட்டும் தேடினால் போதும். மூன்று மாத வேலையை ஒரே ராத்திரியில் கிளற வேண்டியதில்லை.

ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்று சொல்வோம். எங்கள் கல்லூரி மெக்கானிக்கல் சார் ஒருவர் டீ குடிக்கும்போது இதையொட்டி ஒரு விஷயம் சொன்னார். கேட்டதிலிருந்து அது மனதில் நின்றுவிட்டது, நானும் தேடிப் படித்தேன். மாக்சிமிலியன் ரிங்கல்மன் என்று பிரான்சில் ஒரு வேளாண் பொறியாளர் இருந்தார். 1880-களில் ஆட்களைக் கயிறு இழுக்கச் சொல்லி, ஒருவர் தனியாக இழுக்கும் விசை எவ்வளவு, பலர் சேர்ந்து இழுக்கும்போது எவ்வளவு என்று அளந்து பார்த்தார். அதை 1913-இல் வெளியிட்டார். ஆள் கூடக் கூட மொத்த விசை கூடுகிறது, ஆனால் தலைக்கு வருகிற விசை குறைந்துகொண்டே போகிறது. எட்டுப் பேர் சேரும்போது ஒருவரின் பங்கு அவர் தனியாகச் செய்வதில் பாதி அளவுக்கு இறங்கிவிட்டது. எல்லோரும் ஒரே கணத்தில் ஒத்து இழுக்க முடியாததுதான் முக்கியக் காரணம் என்று அவர் கருதினார்.

அது மட்டும்தானா என்று 1974-இல் அமெரிக்காவில் சோதித்தார்கள். ஒருவரின் கண்ணைக் கட்டி முன்னால் நிறுத்திவிட்டு, பின்னால் ஆட்கள் நின்று இழுக்கிறார்கள் என்று நம்ப வைத்தார்கள். பின்னால் இருந்தவர்கள் இழுக்கவே இல்லை. ஒத்து இழுக்கிற பிரச்சினையே அங்கு கிடையாது. இருந்தும் அவர் தனியாக இழுத்ததைவிடக் குறைவாகத்தான் இழுத்தார். 1979-இல் லட்டானே, வில்லியம்ஸ், ஹார்க்கின்ஸ் என்ற மூன்று உளவியலாளர்கள் கைதட்டுவதையும் கத்துவதையும் வைத்து இதே மாதிரி சோதித்து அதே முடிவைக் கண்டார்கள். எனக்கு முக்கியமாகப் பட்டது அவர்கள் 1981-இல் செய்தது. கூட்டமாகக் கத்தினாலும் ஒவ்வொருவரின் சத்தத்தையும் தனியாக அளக்கிறோம் என்று தெரிந்தபோது, யாரும் குறைத்துக் கத்தவில்லை.

நம் பிள்ளைகளுக்கு இது அப்படியே பொருந்துகிறது. "நம்ம பேட்ச் வேலை" என்று பொதுவாக வைத்தால் கை தானாகத் தளரும். இது கெட்ட புத்தி கிடையாது, மனித சுபாவம். இன்ன வேலை இன்னார் என்று பெயர் எழுதி எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில் வைத்தால் அந்தத் தளர்ச்சி பெருமளவு போய்விடுகிறது.

அதற்காக லேப்பில் ஒரு நீள நோட்டுப் போட்டிருக்கிறேன். பேட்சுக்கு இரண்டு பக்கம். ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே மூன்று விஷயம் எழுத வேண்டும்: என் வேலை என்ன, யாரிடமிருந்து எனக்கு என்ன வர வேண்டும், யாருக்கு நான் என்ன கொடுக்க வேண்டும். கடைசி இரண்டும்தான் உயிர். "சென்சார் டேட்டா கொடுப்பேன்" என்று எழுதினால் ஏற்றுக்கொள்ள மாட்டேன், திரும்ப எழுதச் சொல்வேன். "மூடியிலிருந்து தண்ணீர் வரை உள்ள தூரம், சென்டிமீட்டரில், முழு எண்ணாக, 15 நொடிக்கு ஒருமுறை" என்று எழுத வேண்டும். 15 நொடி எதற்கு என்றால், பிள்ளைகள் பெரும்பாலும் பயன்படுத்துவது, சென்சார் எண்களை இணையத்தில் சேமித்துக் காட்டுகிற திங்ஸ்பீக்கின் இலவசக் கணக்கு. அது 15 நொடிக்கு ஒருமுறைதான் தகவல் வாங்கும். சென்சார் பக்கம் நொடிக்கு ஒருமுறை அனுப்பிக்கொண்டு, பெரும்பாலான எண்ணைக் காணோமே என்று தேடிய பேட்ச்களும் உண்டு. ரிலேக்காரர் "லோ கொடுத்தால் ஆன்" என்று எழுத வேண்டும். எழுதிவிட்டு, வாங்குகிறவர் அதன் பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட மாட்டார்கள் என்பது என் நம்பிக்கை, அது பெரும்பாலும் பலிக்கிறது.

வாட்ஸ்ஆப் குரூப் இருக்கிறதே என்பார்கள். இருக்கட்டும். ஆனால் அங்கே போட்ட விஷயம் மறுநாள் காலையில் மீம்களுக்குக் கீழே போய்விடுகிறது. ஒருவர் கேட்ட கேள்விக்கு மூன்று கட்டைவிரல் வந்திருக்கும். அதில் யார் செய்யப்போகிறார் என்று யாருக்கும் தெரியாது. நான்கு பேர் என்றால் இரண்டிரண்டு பேராக ஆறு ஜோடி ஆகிறது. மூன்று பேர் என்றால் மூன்றே ஜோடிதான். ஒரு ஆள் கூடியதில் பேசித் தீர்க்க வேண்டிய இடம் இரட்டிப்பாகிவிட்டது. இதனாலேயே, சின்னத் தலைப்பாக இருந்தால் மூன்று பேர் போதும் என்று கேட்பவர்களிடம் சொல்கிறேன்.

ரிப்போர்ட் வேலையைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. பேட்சில் ஒருவரை "நீ டாக்குமென்டேஷன் பாத்துக்கோ" என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அந்த ஒருவர் பெரும்பாலும் பெண்ணாக இருக்கிறார். அவருக்குச் சால்டரிங் வராது என்று யாரும் சோதித்துப் பார்த்ததில்லை, தானாக அப்படி விழுந்துவிடுகிறது. ஒரு காரணம் நேரம். பெண்கள் ஹாஸ்டலில் சாயங்காலமே உள்ளே போய்விட வேண்டும், பையன்களுக்கு அவ்வளவு கெடுபிடி இல்லை. வெளியிலிருந்து வருகிறவர்களுக்குக் கல்லூரி பஸ் கிளம்பிவிடும். எனவே மாடல் வேலை ராத்திரி பாய்ஸ் ஹாஸ்டல் அறையில் நடக்கிறது. அங்கே வர முடியாதவர்களுக்கு டைப் அடிக்கிற வேலை மிஞ்சுகிறது. நான்கு வருடம் சர்க்யூட் படித்த பெண், தன் இறுதியாண்டு புராஜெக்ட்டில் ஒரு வயரைக்கூட ஒட்டாமல் வெளியே போகிறாள். எனக்கு இது மனசு ஆறாத விஷயம்.

இதற்கு நான் கண்ட வழி, மாடல் வேலை முழுவதையும் பகலில் லேப்பிலேயே செய்வது. புராஜெக்ட்டுக்கென்று டைம்டேபிளில் பீரியட் கொடுத்திருக்கிறார்கள். அந்த நேரத்தில் கேன்டீனில் உட்கார்ந்துவிட்டு ராத்திரி விழிப்பதுதான் பழக்கமாக இருக்கிறது. பீரியடில் நால்வரும் லேப்புக்கு வந்துவிட்டால் பஸ்ஸும் ஹாஸ்டல் கேட்டும் தடையாக இருக்காது. லேப்புக்கு வருகிற பெண்களிடம் அயர்னைக் கையில் கொடுத்துவிடுகிறேன். "பயமா இருக்குங்ணா" என்று ஆரம்பித்தவர்கள், முனையை முதலில் இணைப்பில் வைத்துச் சூடாக்கி, அப்புறம் ஈயக் கம்பியைத் தொட்டு, அது பளபளவென்று பரவுகிறதா என்று பார்த்து எடுக்கிற பக்குவத்தைச் சீக்கிரம் பிடித்துவிடுகிறார்கள். மங்கலாக உருண்டையாக நின்றால் அது ட்ரை சால்டர், ஆட்டினால் விட்டுவிடும். இதைக் கண்ணால் பார்த்துக் கற்க வேண்டும், பிபிடியில் கற்க முடியாது.

ரிப்போர்ட் எழுதுகிற வேலை மட்டமானது என்று நான் சொல்ல வரவில்லை. சரியாகச் செய்தால் பேட்சிலேயே முக்கியமான வேலை அதுதான். எல்லோருடைய பகுதியையும் புரிந்துகொள்ள வேண்டிய ஒரே ஆள் அவர். அந்தத் தண்ணீர்த் தொட்டி பேட்சில், ரிப்போர்ட் எழுதிய பெண்ணை ஜனவரியிலேயே பிளாக் டயகிராம் போடச் சொல்லி, ஒவ்வொரு அம்புக்குறியின் மேலும் என்ன எண் போகிறது, எந்த அலகில் போகிறது என்று மூவரிடமும் கேட்டு எழுதச் சொல்லியிருந்தால், தூரமா உயரமா என்ற கேள்வி அன்றைக்கே வந்திருக்கும். அவர்கள் செய்தது, கடைசியில் மூவரும் அனுப்பியதை அவளை ஒட்டச் சொன்னது. அதில் ஒரு பக்கத்தில் "தூரம்" என்றும் இன்னொரு பக்கத்தில் "மட்டம்" என்றும் அதே எண்ணுக்கு இரண்டு பெயர் இருந்தது.

காசு விஷயத்தை யாரும் வெளிப்படையாகப் பேசுவதில்லை, நான் பேசிவிடுகிறேன். யாரோ ஒருவர் சென்னைக்குப் போகும்போது எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட்டில் சாமான் வாங்கி வருகிறார், அல்லது ஆன்லைனில் ஆர்டர் போடுகிறார். மொத்தத்தை நாலாகப் பிரித்துத் தலைக்கு இவ்வளவு என்று குரூப்பில் போடுகிறார். ஒருவருக்கு அந்த மாதம் அது முடியாது. சொல்லக் கூச்சம். குரூப்பில் பதில் போடாமல் இருப்பார். அப்புறம் லேப் பக்கம் வருவதையே குறைத்துக்கொள்வார். மற்றவர்கள் அவரை ஒதுங்குகிறவர் என்று முடிவு கட்டிவிடுவார்கள். எங்கள் பக்கம் முகூர்த்த நாட்களில் கேட்டரிங் வேலைக்குப் போய்ச் சம்பாதித்துப் படிக்கிற பிள்ளைகள் நிறைய. ஞாயிற்றுக்கிழமை புராஜெக்ட்டுக்கு வரவில்லை என்றால் அவன் மண்டபத்தில் இலை போட்டுக்கொண்டிருப்பான், சினிமாவுக்குப் போயிருக்க மாட்டான்.

முதல் நாளே உட்கார்ந்து, மொத்தம் எவ்வளவு ஆகும், யாரால் எவ்வளவு முடியும் என்று பேசிவிடுங்கள். லேப்பில் இருக்கிற சாமானைக் கேளுங்கள். மல்டிமீட்டர், அடாப்டர், ஜம்பர் வயர், ரெசிஸ்டர் எல்லாம் இங்கேயே உண்டு, போன வருட போர்டுகள்கூட இருக்கும். எழுதிக் கொடுத்துவிட்டு எடுத்துப்போய்த் திருப்பிக் கொடுத்தால் போதும். வாங்குவதற்கு பில் வையுங்கள், கணக்கை ஒருவர் எழுதட்டும். அந்த ஒருவர் சாமான் வாங்குகிறவராக இருக்க வேண்டாம்.

கடைசி இரண்டு வாரத்தில் எதுவும் ஓடவில்லை என்ற பயம் வந்ததும், சிலர் புராஜெக்ட் செய்து கொடுக்கிற கடைகளைத் தேடிப் போகிறார்கள். ஆயிரக்கணக்கில் கொடுத்து ஒரு பெட்டியை வாங்கி வருகிறார்கள். அதைத் திறந்து பார்த்தால் உள்ளே அதே போர்டு, அதே சென்சார், அதே ரிலே. வைவா (நேர்முகத் தேர்வு) அன்று வெளியிலிருந்து வருகிற எக்ஸாமினர் "இந்த இரண்டு ரெசிஸ்டர் இங்கே எதுக்கு?" என்று கேட்டால் நால்வரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். அந்த முகங்களை நான் பார்க்க விரும்பவில்லை. அவ்வளவு சின்ன விஷயத்தை அவர்களே செய்திருக்கலாமே என்றுதான் தோன்றும்.

வைவா என்றதும் இன்னொன்று. பேட்சில் இங்கிலீஷ் சரளமாக வருகிற ஒருவர் இருப்பார், ரிவ்யூவில் முழுவதையும் அவரையே பேச வைப்பார்கள். தமிழ் மீடியத்தில் படித்து வந்த பிள்ளை ஓரமாக நிற்கும். பல சமயம் சர்க்யூட்டை ஓட வைத்தது அந்தப் பிள்ளையாகத்தான் இருக்கும். எக்ஸாமினர்கள் அனுபவசாலிகள், ஓரமாக நிற்கிறவரைப் பார்த்துத்தான் கேள்வி கேட்பார்கள். இதற்கு நான் சொல்வது, முதலில் லேப்பில் தமிழில் சொல்லிப் பழகுங்கள். ஒருவர் பகுதியை இன்னொருவர் விளக்க வேண்டும். சென்சார் பையன் ரிலேயை விளக்கட்டும், ரிலே பையன் போன் பக்கத்தை விளக்கட்டும். எங்கே திக்குகிறார்களோ அங்கே பேட்சுக்குள் பேசாத விஷயம் ஒன்று இருக்கிறது. தமிழில் தெளிவாகச் சொல்ல வந்துவிட்டால், அதற்கான இங்கிலீஷ் வாக்கியங்கள் பத்துப் பதினைந்துதான். அதை ஒரு வாரத்தில் பழகிவிடலாம்.

நண்பர்களாகச் சேர்ந்த பேட்ச் நல்லதா, துறையே பிரித்துக் கொடுத்த பேட்ச் நல்லதா என்று கேட்பார்கள். எதிலும் நல்லது கெட்டது உண்டு. நண்பர்கள் சீக்கிரம் ஆரம்பித்துவிடுவார்கள், ஆனால் "நீ இதை இன்னும் முடிக்கலை" என்று சொல்ல நாக்கு வராது. அறிமுகம் இல்லாதவர்கள் மெதுவாக ஆரம்பிப்பார்கள், ஆனால் எழுதி வைத்துக்கொள்வார்கள். நண்பர்களும் நோட்டில் எழுதிவிட்டால் அந்தச் சங்கடம் போய்விடும், கேட்பது நோட்டு, ஆள் இல்லை.

இப்போது உண்மையிலேயே வேலை செய்யாதவர் பற்றி. முதலில் அவரிடம் தனியாக ஒருவர் போய்ப் பேசுங்கள், குரூப்பில் போடாதீர்கள். அரியர் பேப்பர் இருக்கலாம், பிளேஸ்மென்ட் டெஸ்ட் ஓடிக்கொண்டிருக்கலாம், வீட்டில் ஏதாவது இருக்கலாம். பாதிப் பேர் இந்தப் பேச்சிலேயே திரும்பி வந்துவிடுவார்கள். அப்படியும் வரவில்லை என்றால், முதல் ரிவ்யூவுக்கு முன்னாலேயே கைடிடம் சொல்லுங்கள், நால்வரும் சேர்ந்து நிற்கும்போது சொல்லுங்கள். முதுகுக்குப் பின்னால் சொன்னால் கைடுக்கும் தர்மசங்கடம், அந்த ஆளும் உடைந்துபோவார். மூன்றாவது ரிவ்யூவுக்கு அப்புறம் சொன்னால் கைடால் ஒன்றும் செய்ய முடியாது, மார்க் குறைப்பதைத் தவிர.

இதே தண்ணீர்த் தொட்டித் தலைப்பை எடுத்த இன்னொரு பேட்ச் இப்படி நேரத்தோடு சொன்னது. ஒரு பையனுக்குப் புரோகிராம் பகுதியைக் கொடுத்திருந்தார்கள், அவனுக்கு அது பிடிபடவே இல்லை, அதைச் சொல்லவும் தெரியாமல் மறைந்து மறைந்து திரிந்தான். கைடு மேடம் அவனைக் கூப்பிட்டு, உனக்கு என்ன வரும் என்று கேட்டார். அவன் அப்பாவுக்கு வெல்டிங் பட்டறை. பெட்டி செய்கிற வேலையை அவனுக்கு மாற்றினார்கள். சென்சாரின் இரண்டு கண்ணும் வெளியே பார்க்கிற மாதிரி மூடியில் அளவெடுத்து இரண்டு துளை போட்டான். தண்ணீர் 2 சென்டிமீட்டரைவிடக் கிட்டே வந்துவிட்டால் சென்சார் தப்பாகக் காட்டும் என்று சென்சார் பார்த்தவள் நோட்டில் எழுதியிருந்தாள். அதைப் படித்துவிட்டு, மூடிக்கு மேலே ஒரு குட்டிக் கழுத்து வைத்துச் சென்சாரைத் தூக்கிப் பொருத்தினான். வைவாவில் எக்ஸாமினர் அந்தக் கழுத்தைத் தொட்டு இது ஏன் என்று கேட்டபோது, அவனே தமிழும் இங்கிலீஷுமாகப் பதில் சொன்னான். அவர் அடுத்த கேள்வியையும் அவனிடமே கேட்டார், அதற்கும் சொன்னான்.